அழுங்கைச் சுற்றி வந்த காலடி

மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. அவ்வளவுதான், செதிலன் சுருண்டுவிட்டான்!

செதிலன் ஓர் அழுங்கு. மலையடிவாரக் காட்டில், வறண்ட ஓடைக்கரையில் ஒரு வளை தோண்டி வாழ்ந்து வந்தான். அழுங்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். தலை முதல் வால் நுனி வரை ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பையும் கறையானையும் நீண்ட நாக்கால் நக்கித் தின்று பிழைக்கும் பிராணி அது. ஆபத்து வந்தால் தலையை வயிற்றுக்குள் புதைத்து, வாலை மேலே சுற்றி, பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தப் பந்தைப் பிரிக்கச் சிறுத்தையே திணறும்.

நல்ல கவசம்தான். ஆனால் செதிலன் அதை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நெல்லிக்காய் உதிர்ந்தால் சுருளுவான். கொக்கு பறந்தால் அதன் நிழலுக்குச் சுருளுவான். யாராவது வழியில் நின்று, "என்ன செதிலா, சாப்பிட்டியா?" என்று அன்பாகக் கேட்டால் அதற்கும் சுருளுவான். கேட்டவர் பதிலுக்காகக் கொஞ்சம் நின்று பார்ப்பார். கால் கடுத்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

சுருண்டவன் சட்டென்று விரியவும் மாட்டான். சுருண்ட மறுகணமே அவனுக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தொம்... தொம்... தொம்... கனத்த பாதங்களை எடுத்து வைத்து யாரோ தன்னைச் சுற்றிச் சுற்றி வருகிற சத்தம்.

"சிறுத்தைதான்! போகவே மாட்டேங்குதே!" என்று உள்ளுக்குள் நடுங்குவான். அவன் நடுங்க நடுங்க அந்தக் காலடியும் வேகமெடுக்கும். காலடி வேகமெடுக்க, இவன் இன்னும் இறுக்கிக்கொள்வான். கடைசியில் அலுத்துப்போய் அப்படியே தூங்கிவிடுவான். விழித்து மூக்கை வெளியே நீட்டும்போது வெயில் நகர்ந்திருக்கும். சிறுத்தையும் இருக்காது, பேச வந்தவரும் இருக்கமாட்டார்.

இப்படியே அவன் வாழ்வில் பாதி பந்துக்குள்ளேயே போயிற்று. அவனுக்கு யார் முகமும் சரியாகத் தெரியாது. விலகிப் போகிறவர்களின் முதுகு மட்டும் நன்றாகத் தெரியும்.

புளியமரத்துக் குரங்குகளுக்கு இது நல்ல வேடிக்கை.

"ஏய், உருண்டை வருது! போடு ஒண்ணு!"

புளியங்காய் ஒன்று முதுகில் விழும். செதிலன் சுருளுவான். மரமே குலுங்கும்படி அவை சிரிக்கும்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். ஓடைக்கு அக்கரையில் தன் குட்டி குச்சியோடு குடியிருந்த முள்ளி என்ற முள்ளம்பன்றி. அவளுக்குப் பொறுமை அதிகம். அவன் சுருண்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து கிழங்கைக் கொறித்துக்கொண்டிருப்பாள். அவன் விரிந்ததும், "வந்துட்டீங்களா அண்ணே? எங்க விட்டேன்... ஆங், அந்தப் பன்றி பண்ணின கூத்தைச் சொல்லிட்டிருந்தேன்!" என்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். குச்சி "மாமா! மாமா!" என்று அவன் வாலில் ஏறிச் சறுக்கி விளையாடும். காட்டில் செதிலனுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள அவர்கள்தான் இருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் முள்ளி சொன்னாள்: "அண்ணே, ஓடைத் திருப்பத்துல கோரைக்கிழங்கு நிறைய கிடக்காம். ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் குச்சியைப் பார்த்துக்குங்க. இவன் முள்ளு இன்னும் மெத்து மெத்துன்னு கிடக்கு. நரி கிரி வந்தா இவனை வளைக்குள்ள தள்ளிட்டு வாசலை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துடுங்க. அது போதும்!"

"நான் இருக்கேன் தங்கச்சி! நீ கவலைப்படாம போயிட்டு வா!" என்றான் செதிலன். யாரோ தன்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தது அவனுக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வளை வாசலில் நின்றான்.

குச்சி வெளியே மண்ணைக் கிளறி விளையாடிக்கொண்டிருந்தது. அப்போது காற்று வீசியது. மேலே நின்ற தேக்குமரத்திலிருந்து காய்ந்த இலை ஒன்று சரசரவென்று இறங்கி, செதிலனின் முதுகில் பட்டென்று விழுந்தது.

செதிலன் சுருண்டான்.

தொம்... தொம்... தொம்... வந்துவிட்டது சிறுத்தை! அவன் இறுக்கிக்கொண்டான். காலடி ஓட்டமாக மாறியது. அதைத் தவிர அவன் காதில் வேறு எதுவும் விழவில்லை.

அவன் மூக்கை வெளியே நீட்டியபோது முள்ளி எதிரில் நின்றிருந்தாள். அவள் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. பின்னால் குச்சி படுத்துத் தன் பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. காலில் ரத்தம்.

"நரி வந்துச்சு," என்றாள் முள்ளி. "காலைக் கவ்வி இழுத்துட்டுப் போயிட்டிருந்துச்சு. நான் வர இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா எனக்குப் பிள்ளை இல்லை!"

"ஐயோ! எனக்குத் தெரியாதே முள்ளி! இங்க சிறுத்தை வந்துச்சு! என்னைச் சுத்திச் சுத்தி நடந்துச்சு!"

"சிறுத்தை நடமாடுற இடத்துக்கு நரி வருமா?"

செதிலன் குச்சியின் காலைப் பார்த்தான்.

"மாமா மாமான்னு கத்தியிருக்கான். எனக்கு ஓடைத் திருப்பம் வரைக்கும் கேட்டுச்சு. பக்கத்துலயே இருந்த உங்களுக்குக் கேட்கலையா?"

"காலடிதான் கேட்டுச்சு..." என்று முணுமுணுத்தான்.

முள்ளி குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "உங்களைத் திட்டி என்ன ஆகப் போகுது? ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றாள். எப்போதும் சொல்கிற 'அண்ணே' அதில் இல்லை. செதிலனுக்கு அதுதான் வலித்தது.

அவன் ஓடையைத் தாண்டித் தன் கரைக்கு வந்தான். அதற்குப் பிறகு அவனைத் தேடி யாரும் வரவில்லை. பேச ஆளில்லாமல் கறையான் புற்றோடு பேசிப் பார்த்தான். பேசிவிட்டு அந்தப் புற்றையே உடைத்துத் தின்ன வேண்டியிருந்ததால் அதுவும் சரிப்படவில்லை. காலையில் ஓடை மணலுக்கு இறங்கி, அக்கரையிலிருந்து குச்சி வந்துபோன தடத்தை முகர்ந்து பார்ப்பான். அந்தத் தடத்தில் ஒரு கால் மட்டும் மணலில் சரியாகப் பதிந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து திரும்புவான். யாரும் கேட்காவிட்டாலும், "நான் வேணும்னு செய்யலை, சிறுத்தை வந்துச்சு," என்று மணலிடம் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வருவான்.

கோடை முற்றியது. புற்றுகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒரு நாள் செதிலன் பசிக்குப் புழுதியும் கறையானுமாகச் சேர்த்து நக்கித் தின்றுவிட்டுப் புளியமரத்தடியில் வந்துகொண்டிருந்தான்.

"உருண்டை வருது! போடு!"

காய் விழுந்தது. சுருண்டான். தொம்... தொம்... என்று காலடியும் வந்துவிட்டது.

அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு விக்கல் எடுத்தது. புழுதி தொண்டையில் அடைத்துக்கொண்டதோ என்னவோ!

தொம்... தொம்... விக்! தொம்தொம்... விக்!

ஒவ்வொரு விக்கலுக்கும் வெளியே நடக்கிற காலடியும் தடுக்கித் தடுக்கி எழுந்தது. செதிலன் பயத்தையும் மறந்து யோசித்தான். 'இது என்ன கூத்து? எனக்கு விக்கல் எடுத்தால் சிறுத்தைக்கு ஏன் கால் தடுக்குகிறது?'

மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தான். விக்கல் நின்றது. மெதுவாக மூச்சை விட்டான். காலடி சற்றுத் தளர்ந்தது. இன்னும் மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விட்டான். ஓடிக்கொண்டிருந்த சிறுத்தை நடந்தது. நடந்த சிறுத்தை உலாவியது. வேண்டுமென்றே பயங்கரமான ஒன்றை நினைத்துக்கொண்டான். உடனே அது மறுபடி ஓடத் தொடங்கியது!

அப்போதுதான் செதிலனுக்குப் புரிந்தது. சுருளும்போது அவன் காது அவன் நெஞ்சின்மேல்தான் அழுந்திக் கிடந்தது. இத்தனை காலம் அவனைச் சுற்றி நடந்தது யாருமில்லை. அது அவனுடைய நெஞ்சுத் துடிப்பு.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்குமுன் வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

'அப்படியென்றால் அன்றைக்கும் சிறுத்தை வரவில்லை. அன்றைக்கு வந்தது ஒரு தேக்கிலை.'

குச்சி "மாமா" என்று கத்தியபோது, அவன் ஓர் இலைக்குப் பயந்து தன் நெஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். பந்துக்குள்ளேயே செதிலன் தேம்பித் தேம்பி அழுதான். மணலிடம் சொல்லிக்கொண்டிருந்த சமாதானமும் அன்றோடு போய்விட்டது.

அழுது ஓய்ந்தபின் ஒரு முடிவுக்கு வந்தான். மறுநாளிலிருந்து அவனே வலியப் போய்ப் புளியமரத்தடியில் நின்றான்.

"உருண்டை தானா வந்து நிக்குது! போடு!"

காய் விழுந்தது. சுருண்டான். ஆனால் உள்ளே போனதும், "இது என் நெஞ்சுதான்," என்று சொல்லிக்கொண்டு மூச்சைத் தணித்தான். காலடி உலாவுகிற வரைக்கும் பொறுத்திருந்து விரிந்தான். அடுத்த நாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். பல நாள் தோற்றான். சில நாள் முழுக்கச் சுருளாமல் பாதியில் நிறுத்தினான். ஒருவழியாக, முதுகில் ஏதாவது விழுந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பது என்று பழகிக்கொண்டான். "முதல்ல மூக்கு, அப்புறம்தான் முதுகு!" இது அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

நடுவில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. 'இனி எதற்குமே சுருளுவதில்லை!' என்று வீறாப்பாகத் திரிந்தான். ஓர் அந்தியில் நிஜமாகவே சிறுத்தையின் வாடை வந்தது. செதிலன் நிமிர்ந்தே நின்றான். சிறுத்தை ஓர் அறை விட்டது. வாலில் செதில் பெயர்ந்து பறந்தது! அலறியடித்துச் சுருண்டபின்தான் உயிர் தப்பினான். எல்லாவற்றுக்கும் சுருளுகிறவன் முட்டாள் என்றால், எதற்கும் சுருளாதவன் அதைவிடப் பெரிய முட்டாள் என்று அந்த அறை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதற்குள் குரங்குகளுக்கு அலுத்துவிட்டது. காய் போட்டால் அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, "புளியங்காய்!" என்று சொல்லிக்கொண்டு நடந்துவிடுகிறான். இதில் என்ன வேடிக்கை இருக்கிறது? அவை வேறு மரத்துக்குப் போய்விட்டன. கேலி செய்யவாவது வந்துகொண்டிருந்தவர்களும் போனார்கள். ஜெயித்ததைச் சொல்லச் செதிலனுக்கு ஆளில்லை. காலியான புளியமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

பிறகு ஒரு நாள், பொழுது சாய்கிற நேரம். செதிலன் ஓடைக்கரையில் நின்று வழக்கம்போல் காற்றை முகர்ந்தான். அக்கரையிலிருந்து நரி வாடை வந்தது. பரக் பரக் என்று மண்ணைப் பிறாண்டுகிற சத்தமும் வந்தது.

முள்ளியின் வளை இருக்கிற திசை! அவள் வாடை வெகுதூரத்தில், ஓடைத் திருப்பத்துப் பக்கமிருந்து வந்தது. குச்சியின் வாடை வளைக்குள்ளிருந்து வந்தது.

செதிலனின் முதுகு தானாக வளைந்தது. காதுக்குள் தொம் தொம் என்று ஆரம்பித்துவிட்டது. 'இந்தப் பக்கம் வராதே என்று சொல்லியிருக்கிறாளே, நான் எதற்குப் போக வேண்டும்?' என்று மனம் ஒரு சாக்கையும் தேடிக் கொடுத்தது.

"இது என் நெஞ்சுதான். வந்திருக்கிறது ஒற்றை நரிதான். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்!" என்று சொல்லிக்கொண்டு செதிலன் மணலில் இறங்கினான்.

ஓடை மணலில் மறைந்து நடக்க ஒரு புதர்கூட இல்லை. அவனோ வேகமாக ஓடத் தெரியாதவன். நகங்களை மடக்கிக்கொண்டு அசைந்து அசைந்துதான் நடக்க வேண்டும். பாதி வழியில் நரி பார்த்துவிட்டது.

"அட, நம்ம உருண்டை! என்ன இந்தப் பக்கம்? அன்னைக்கு மாதிரி அங்கேயே சுருண்டுக்கோப்பா! நான் என் வேலையை முடிச்சுட்டுப் போயிடறேன்!"

செதிலன் நிற்கவில்லை.

"சுருளு! சுருளுடா!" நரி பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வந்து அவன் மூக்குக்கு நேரே குரைத்தது. அழுங்குக்கு மூக்குதான் மென்மையான இடம். ஒரு கடியில் எல்லாம் முடிந்துவிடும். செதிலனின் உடம்பு முழுவதும், சுருளு, சுருளு என்றுதான் கெஞ்சியது. அவன் மூச்சை மெதுவாக இழுத்தான். மெதுவாக விட்டான். தலையைத் தாழ்த்தி, செதில் போர்த்திய தோளைக் காட்டியபடியே அடுத்த அடியை எடுத்து வைத்தான்.

நரிக்கு இது புதிதாக இருந்தது. அவன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது ஓர் அடி பின்வாங்கியது. அந்தத் தயக்கத்துக்குள் செதிலன் வளை வாசலை எட்டிவிட்டான். வாசலுக்குள் உடம்பைத் திணித்தான். அப்புறம்தான் சுருண்டான். வளைக்கு மூடி போட்டதுபோல் ஆயிற்று!

"மாமாவா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் நடுங்கியது.

"நான்தான்டா. பின்னால தள்ளிப் போய் உட்காரு!"

நரி கடித்தது. பல்தான் வலித்தது. பக்கத்தில் தோண்டியது. கல்லாகக் காய்ந்த மண் பெயரவில்லை. பிறகு அது தந்திரத்துக்கு வந்தது.

"சரி, நீ ஜெயிச்சுட்ட! நான் போறேன்!" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் நின்றது. செதிலன் மூச்சைத் தணித்து நெஞ்சை அமைதிப்படுத்தினான். நெஞ்சு அமைதியானதும் வெளியே நரி மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. அவன் அசையவில்லை.

நரிக்கு எரிச்சல் வந்தது. "யாருக்காகடா இப்படிக் கிடக்குற? இவங்களே உன்னை விரட்டி விட்டவங்கதானே! உனக்குன்னு இந்தக் காட்டுல யாரு இருக்கா? நீ செத்தா அழ ஒரு நாதி உண்டா?"

பல் இறங்காத இடத்தில் இந்தச் சொல் இறங்கியது. அது உண்மைதானே! செதிலனுக்குக் கோபம் பொங்கியது. விரிந்து எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வால் தளர்ந்தது. காதுக்குள் மறுபடி தொம் தொம் என்று ஓட்டம்.

செதிலன் அந்தச் சத்தத்தைக் கவனித்தான். 'பயந்தாலும் இதே சத்தம், கோபப்பட்டாலும் இதே சத்தமா? அப்படியென்றால் மருந்தும் ஒன்றுதான்.' மெதுவாக மூச்சை இழுத்தான். மெதுவாக விட்டான். துக்கம் போகவில்லை, அது அப்படியேதான் இருந்தது. ஆனால் ஓட்டம் நடையாயிற்று. தளர்ந்த வாலை மறுபடி இறுக்கினான்.

அதற்குள் கலகலவென்று முட்கள் உரசும் சத்தம் கேட்டது. முள்ளி முட்களை விரித்து, முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகப் பாய்ந்து வந்தாள். நரி திரும்புவதற்குள் அதன் மூஞ்சியெல்லாம் முள்! "ஐயோ, அம்மா!" என்று ஊளையிட்டுக்கொண்டு அது ஓடைக்குள் விழுந்தடித்து ஓடியது.

பிறகு அமைதி. செதிலன் முகர்ந்தான். நரி வாடை விலகிப் போயிருந்தது. அருகில் முள்ளியின் வாடை.

"அண்ணே, நான்தான்," என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் செதிலன் விரிந்தான். கூப்பிட்ட உடனே அவன் விரிந்தது அதுவே முதல் தடவை. எதிரில் முள்ளியின் முகம் இருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்குச் சிறுத்தை வரலை முள்ளி," என்றான். "ஒரு தேக்கிலைதான் விழுந்துச்சு."

முள்ளி நரி பிறாண்டிப் போட்ட மண்ணைக் காலால் ஒதுக்கினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, உள்ள வாங்க அண்ணே. வீட்டுக்காரி வெளியே நிக்கிறேன், இப்படி வழியை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா எப்படி?" என்றாள்.

செதிலன் உள்ளே போய் ஒரு மூலையில் படுத்தான். குச்சி நொண்டிக்கொண்டு வந்து அவன் கழுத்தடியில் ஒண்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் செதிலனின் காதில் ஒரு சத்தம் கேட்டது. டுப் டுப் டுப் என்று, சின்னதாக, அவசர அவசரமாக.

அவன் முதுகு லேசாக வளைந்தது. மூக்கைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். பிறகு வளைந்த முதுகை மெதுவாகத் தளர்த்தி, குச்சியின் நெஞ்சோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

பயம் எல்லோருக்கும் வரும். தன் நெஞ்சின் படபடப்பை அடக்கி, வந்தது என்ன என்று பார்க்கப் பழகியவனே தன்னையும் காப்பான், தன்னை நம்பியவர்களையும் காப்பான்.